ஒட்டாமல் விட்ட ஒரு சாண்

“…நீங்க ஒட்டியிருந்தா அது நின்னிருக்கும்லா அண்ணாச்சி. அந்த ஒரு பந்தயம் முடியுத வரைக்குமாவது நின்னிருக்கும்” என்று செல்வின் சொன்னபோது, நாங்கள் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவன் ஓட்டி வந்த சரக்கு வண்டியிலிருந்து இரண்டு பேர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பேரனுக்குத் துணி எடுக்கப் போனவன். பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டனவே என்று நானாகத்தான் கிட்டே போய் விசாரித்தேன். அம்மா எப்படி இருக்கிறார்கள், வேலை எப்படி என்று பேச்சு நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. வரும் என்று எனக்கும் தெரியும்.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன், அவன் என்ன செய்தான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கார்களுக்கு வினைல் ஸ்டிக்கர் ஒட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான். குமிழி விழாமல் எப்படி ஒட்டுவது, வளைவில் எப்படி இழுப்பது, எந்த ரோல் வாங்குவது. அதெல்லாம் இன்றைக்குப் போனிலேயே கிடைக்கிறது. நானும் பாதியை அப்படிப் பார்த்துத்தான் கற்றேன். மீதியை என் கையால் நாசமான ரோல்கள் சொல்லிக்கொடுத்தன. உங்களிடம் நான் சொல்ல நினைப்பது போனில் கிடைக்காத ஒன்று. கேட்டு முடித்ததும் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்காது. எனக்கும் இல்லை.

முதலில் இந்தத் தொழில் எனக்கு எப்படி வந்தது என்று இரண்டு வார்த்தை. பனியன் கம்பெனியில் பிரிண்டிங் செக்‌ஷனில் இருந்தேன். அங்கிருந்து வெளியே வந்து நம்பர் பிளேட், பள்ளிக்கூட வேன், லாரி என்று எழுத்து வெட்டி ஒட்ட ஆரம்பித்தேன். லாரி ஓட்டும் ஒருவர் சொல்வார், “ஸ்டிக்கர் இல்லாத லாரி, மீசை எடுத்த மாமனார் மாதிரி இருக்குதுங்க, மரியாதை வர மாட்டீங்குது” என்று. அந்த மரியாதையை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. பிறகு நம் ஊர்ப் பனியன் கம்பெனிக் குடும்பங்களில் சிலருக்கு ரேஸ் பைத்தியம் பிடித்தது. கோயமுத்தூர்ப் பக்கம் ட்ராக் இருக்கிறது, கையில் வசதி இருக்கிறது, வேறென்ன வேண்டும்? பழைய கார்களை வாங்கி, உள்ளே இருந்த சீட்டு, மெத்தை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, இரும்புக் கூண்டு வைத்து ஓட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் கார்களுக்கு மேலே தங்கள் பிராண்டு பெயரும் கலரும் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இது. பெயர் வேண்டாம், முதலாளி என்றே சொல்கிறேன். நெருப்பெரிச்சல் ஊரில் கம்பெனி, மடத்துக்குளம் பக்கம் தோட்டம். கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டு கேட்டால் இதில் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் கிடைக்காது. கடைக்கு வந்தால் முதலில் என் ஆட்களுக்கு டீ சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். என் மகளுக்கு ஆபரேஷன் என்றபோது நான் கேட்காமலே கார் அனுப்பியவர்.

ஆனால் அவருக்கு உலகத்தில் எல்லாமே பனியன்தான். காருக்குக் கலர் தேர்ந்தெடுக்கச் சாயப்பட்டறை மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வினைல் துண்டை வெட்டி, துணிக்கு ஷேடு பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். பெட்டிக்குள் ஒரு சிவப்பு, வெயிலில் வேறு சிவப்பு. அந்த மாஸ்டர் என் காதருகே வந்து, “ஷேடுங்கறது துணில இல்லீங்க, பாக்கறவரு வயித்துல இருக்குது. மொதலாளி சாப்பிட்டு வரட்டும், ஓகே ஆயிரும்” என்றார். சாப்பிட்டு வந்தார், ஓகே ஆகிவிட்டது. கதவு வளைவில் நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் பின்னால் நின்று, “லைக்ராவாட்டம் இழுத்து உடுங்க, அது போய் உக்காந்துக்கும்” என்பார். லைக்ரா இழுபடுகிற துணி, போய் உட்காரும். வினைல் இன்றைக்கு உட்கார்ந்துவிட்டு நாளைக்கு வெயில் பட்டதும் பழைய அளவுக்கே திரும்பிச் சுருங்கும். சொன்னால் சிரிப்பார். நானும் சிரிப்பேன். இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் அவரோடு பல வண்டிகள் செய்தேன்.

அவர் காரை ஓட்டியவன் செல்வின். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா முதலாளியின் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தார்கள். தைத்து வந்த பீஸில் எங்கே ஓட்டை, எங்கே கறை என்று பார்த்து அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. செல்வின் அதே கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். ஒரு தடவை அவசரமாகச் சாம்பிள் பார்சலை ஏர்போர்ட்டில் சேர்க்க வேண்டியிருந்தது. டிரைவர் வரவில்லை, செல்வின் ஓட்டினான், முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “வேகமா ஓட்டறவனுகள நெறையாப் பாத்திருக்கறனுங்க. இவன் என்னைத் தூங்க வெச்சுப்போட்டு வேகமா ஓட்டறானுங்க.” ஒரு டிரைவரைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை. அவரேதான் அவனைப் பயிற்சிக்கு அனுப்பினார், அவரேதான் காரில் ஏற்றினார். அவன் ஜெயிக்கவும் ஆரம்பித்தான்.

நான் சொல்லும் அந்தப் பந்தயத்துக்கு, சென்னையில் பெரிய டீம் நடத்துகிறவர்கள் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். செல்வின் ஓட்டுவதைப் பார்க்கத்தான். பிடித்துப்போனால் கூட்டிக்கொள்வார்கள். அந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் யார் வரப்போகிறார்கள்? இருபது வயசுப் பையன்களையே வயதாகிவிட்டது என்று சொல்கிற உலகம் அது. அவனுக்கு அப்போதே இருபத்தைந்து இருக்கும்.

பந்தயத்தன்று விடியற்காலையில் கார் லாரியில் ஏற வேண்டும். முந்தின நாள் காலையில் என்னிடம் வந்தது. பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் புதுக் கலர் ஒட்ட வேண்டும். போன பந்தயத்தில் இன்னொரு கார் வந்து டிரைவர் பக்கக் கதவோரம் இடித்திருந்தது. டிங்கர் வேலை முடித்து, பெயிண்ட் அடித்து, அதன்மேல் அவசரத்துக்கு ஒரு ஸ்டிக்கர் துண்டும் ஒட்டி, பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. நான் சூடு காட்டி உரித்துக்கொண்டு வந்தேன். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் அடிச்சட்டத்துக்கு வந்ததும், ஸ்டிக்கரோடு சேர்ந்து பெயிண்ட் வந்தது. பெயிண்டோடு, பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி வந்தது. பிஸ்கட் மாதிரி பெயர்ந்து என் கையில் நின்றது. அதற்கடியில் துரு. துருவுக்கு நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தகரம் கிழிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்தேன், தள்ளாமலே உள்ளே போனது.

உள்பக்கம் எட்டிப் பார்த்தேன். டிரைவரைச் சுற்றி நிற்கும் இரும்புக் கூண்டின் ஒரு கால் சரியாக அந்த இடத்தில்தான் ஊன்றியிருந்தது. கார் உருண்டால் கூரை தலைமேல் நசுங்காமல் தாங்குவது அந்தக் கூண்டுதான். நான் இன்ஜினியர் இல்லை. ஆனால் பந்தலின் ஒரு கால் சேற்றில் நின்றால் பந்தல் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல இன்ஜினியர் வேண்டியதில்லை.

தம்பிகளே, நம் வேலையில் யாரும் சொல்லித்தராத விஷயம் இதுதான். இடித்த காரை டிங்கர் பார்க்கிறார், பெயிண்டர் பார்க்கிறார், கடைசியாக நாம் பார்க்கிறோம். நாம் ஒட்டி முடித்த பிறகு, அடுத்த தடவை யாராவது உரிக்கிற வரைக்கும் அந்தத் தகரத்தை ஒரு மனிதக் கண் பார்க்காது.

முதலாளிக்குப் போன் பண்ணினேன், வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். டிங்கருக்குப் போட்டுக் கேட்டார். தரையைத் திறந்துதான் வெல்டிங் வைக்க வேண்டும், கூண்டுக் காலைக் கழற்ற வேண்டும், ஒரு வாரமாவது ஆகும் என்று பதில் வந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, பீஸ்ல சின்ன ஓட்டை உளுந்தா நாம என்னங்க பண்றோம்? அந்த எடத்துக்கு ஒரு பூவோ பொம்மையோ வெச்சு அடிச்சு அனுப்பறோம். பையரும் சந்தோசமா வாங்கிக்கறான், கொழந்தையும் சந்தோசமாப் போட்டுக்குது. இதும் அப்புடித்தானுங்க.”

“அந்தச் சட்டையப் போட்டுட்டுக் கொழந்தை உருண்டா சட்டைதானுங்க கிழியும்” என்றேன்.

வழக்கம்போலச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார். தனக்காகச் சொல்லவில்லை, பையனின் வாழ்க்கை, சென்னையிலிருந்து ஆள் வருகிறது, ஒரே ஒரு பந்தயம், முடிந்ததும் மொத்தத்தையும் பிரித்துச் சரிசெய்துவிடலாம் என்றார். பாதி உண்மை. அவன் மேல் அவருக்குப் பிரியம் இருந்தது. புதுக் கலரில் கார் ஓடுவதைப் பார்க்க பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் வருவதாக இருந்ததும் உண்மை. ஒரு மனிதனுக்குள் இரண்டும் ஒரே பாயில்தான் படுத்துக் கிடக்கின்றன, பிரித்து எழுப்ப முடியாது.

நான் யோசித்தேன். ஒட்டிக் கொடுத்துவிடலாம், பிறகு அந்தக் கார் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. வேலையே வேண்டாம் என்று காரைத் திருப்பி அனுப்பலாம், அனுப்பினால் வேறு கடைக்காரன் ஒட்டிவிடுவான், விஷயம் தெரிந்த ஒரு கையும் அதோடு விலகிப்போகும். இரண்டையும் விட்டுவிட்டு, கார் முழுக்க ஒட்டுகிறேன், இந்த ஒரு சாணை மட்டும் வெறுமையாக விட்டுவிடுகிறேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். ட்ராக்கில் பரிசோதிப்பவர்கள் பார்க்கட்டும், ஓடலாம் என்று அவர்கள் சொன்னால் ஓடட்டும்.

அதற்குள் செல்வினே வந்துவிட்டான். அவனைத் தனியாகக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டினேன். பயந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

“தெரியும் அண்ணாச்சி. போன பந்தயம் முடிஞ்சு டெஸ்டு ஓட்டும்போதே வளைவுல அந்தப் பக்கம் முனகிச்சி.”

“தெரிஞ்சுமா கண்ணு ஏறப் போறே?”

“நீங்க மூடுனா மூணு பேருக்குத் தெரியும். மூடாட்டி ஊருக்கே தெரியும். காரு அதே காருதான?” என்றான். இங்கேயே வளர்ந்தவன், நம் பேச்சுத்தான் பேசுவான். கோபமோ பயமோ வந்தால் மட்டும் தூத்துக்குடிப் பேச்சு வந்துவிடும்.

உருண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“உருளாம ஓட்டத்தான என்னைய வெச்சிருக்காரு” என்றான்.

அவன் அம்மாவை நினைத்துப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அவன் என் முகத்திலேயே விழிக்க மாட்டான் என்று தோன்றியது, சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் கார் முழுக்கச் சிவப்பு ஏறிவிட்டது. டிரைவர் கதவுக்குக் கீழே ஒரு சாண் மட்டும் துருவும் பட்டியுமாக, பல் விழுந்த வாய் மாதிரி.

முதலாளி சுற்றி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. அவர் என்றைக்குமே சத்தம் போட்டதில்லை. “மிச்சத் துண்டைக் குடுங்க” என்றார்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கூலிக்கு வேலை செய்கிறவன், வெட்டியது போக மிச்சத் துணியை வேலை கொடுத்த பார்ட்டிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு கை அகலக் கழிவாக இருந்தாலும் அது பார்ட்டியுடையது. நான் பிரிண்டிங்கில் இருந்த காலத்திலிருந்து அதை மீறியதில்லை. வினைலுக்கும் அதே வழக்கம்தான். துண்டு எதற்கு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கொடுத்தேன். கொடுக்கும்போதே சொன்னேன்: “இது அங்க நிக்காதுங்க.”

“ஏனுங்க நிக்காது? நம்ம பசங்க நாள் முச்சூடும் லோகோ அடிக்கறவங்க. சூட்ட வெச்சு அமுக்குனா ஒட்டாத பொருளு இருக்குதுங்களா?”

“துணில ஒட்டுமுங்க. துருவுல ஒட்டாது. காத்து புடிச்சா எந்திரிச்சுரும்.”

“பாத்துக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் கடை திறக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ட்ராக்குக்கே போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. வேலை முடித்த கார் ஓடும்போது பக்கத்தில் இருப்பது ஒரு பழக்கம். அன்றைக்கு அது பழக்கமாக இல்லை என்பது மட்டும் தெரிந்தது. போய்ச் சேர்ந்தபோது பரிசோதனை முடிந்துவிட்டிருந்தது. காரைப் பார்த்தேன். கதவுக்குக் கீழே ஒரே சிவப்பு. கம்பெனிப் பையன்கள் பனியனுக்கு லோகோ அடிப்பது போலவே இஸ்திரிப் பெட்டியை வைத்து அமுக்கித் தேய்த்திருந்தார்கள். தூர நின்று பார்த்தால் நானே ஒட்டியதுபோல் இருந்தது. கிட்டே போனால் இஸ்திரிப் பெட்டியின் முக்கோண மூக்கு அச்சாக விழுந்திருந்தது.

பரிசோதித்தவர்களிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். போகவும் செய்தேன். முன்னால் இருந்த இளைஞர், நீங்கள் எந்த டீம், உங்கள் நுழைவுப் பாஸ் எங்கே என்று கேட்டார். நான் டீம் இல்லை, ஸ்டிக்கர் ஒட்டியவன் என்றேன். ஸ்டிக்கர் பற்றிய புகாரை டீம் மேனேஜரிடம் சொல்லுங்கள் என்று மரியாதையாக அனுப்பிவிட்டார். அது ஸ்டிக்கர் பற்றிய புகார் இல்லை என்று நான் திரும்பிச் சொல்வதற்குள் கார்கள் கிளம்பிவிட்டன. பந்தயத்துக்கு முந்தின பயிற்சி ஓட்டம்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் சுற்று வந்தான், அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது. இரண்டாம் சுற்றில் அதன் முன்மூலை லேசாகத் தூக்கியிருந்தது. மூன்றாம் சுற்றில் துண்டு பாதிக்கு மேல் பிரிந்து, கதவோரம் நாக்கு மாதிரி அடித்துக்கொண்டு வந்தது. ஓட்டத்தில் பழுது உள்ள காரைக் கூப்பிட ஒரு கொடி காட்டுவார்கள், காட்டினார்கள். செல்வின் உள்ளே வந்தான். அந்த இளைஞரே ஓடி வந்து குனிந்தார். பிரிந்த துண்டைப் பிடித்து இழுத்தார், மிச்சப் பட்டியும் அதோடு பெயர்ந்து வந்தது. பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து குனிந்து பார்த்து, எழுந்து, தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

அவ்வளவுதான். கார் அன்றைக்கு ஓடவில்லை. சென்னையிலிருந்து வந்தவர் கொஞ்ச நேரம் போனில் பேசிவிட்டு வேறு கார்களைப் பார்க்கப் போனார். செல்வின் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே டயர் மேல் உட்கார்ந்திருந்தான். கழற்றினால் முகத்தைப் பார்த்துவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தான் என்று நினைக்கிறேன்.

முதலாளி என்னைத் தேடி வந்தார். “வேண்டாதவங்க கூட இப்புடிப் பண்ண மாட்டாங்க, சாமி” என்றார். அவர் என்னைச் சாமி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்த மரியாதைக்கு அவர் என்னை அடித்திருக்கலாம். நான் நிற்காது என்று முன்பே சொன்னதைச் சொன்னேன். “நிக்கறாப்புல ஒட்டத் தெரிஞ்சவரு நீங்கதானுங்களே” என்றார்.

இங்கே நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். நடக்க இருந்த விபத்து நடக்காமல் போனது, எல்லோரும் பிறகு புரிந்துகொண்டார்கள், என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்படி நடந்திருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை.

நடந்தது இது. அந்தக் கார் சரியாகி, அல்லது சரியாகாமல், வேறு ஒரு கடையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு அடுத்த பந்தயத்துக்குப் போனது. செல்வின் இல்லை. என்னை அப்படி விடச்சொன்னவன் அவன்தான், பயந்துபோய் என்னோடு சேர்ந்து செய்த ஏற்பாடு என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் கம்பெனிக்கே போய், அவன் மூடத்தான் சொன்னான், மறுத்தது நான் என்று சொன்னேன். உட்கார வைத்து, டீ கொடுத்து, முழுவதும் கேட்டார். “சரிங்க” என்றார். அவருடைய அக்கா மகன் காரில் ஏறினான். ஜெயித்தான். கோப்பையோடு அவன் நிற்கும் போட்டோ இன்றைக்கும் கம்பெனி வரவேற்பறையில் இருக்கிறது, பின்னால் அதே கார். அந்தக் கதவுக்குக் கீழே வெல்டிங் வைத்தார்களா, மறுபடியும் பட்டிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போட்டோவில் நன்றாகச் சிவப்பாக இருக்கிறது.

இது என்னை எவ்வளவு அரித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கார் உருண்டிருந்தால் நான் சொன்னது சரி என்று ஊர் சொல்லும். உருளவே இல்லை. உருண்டிருக்க வேண்டும் என்று ஒரு நொடி நினைத்து, அந்த நினைப்புக்கே நடுங்கியிருக்கிறேன். நீங்கள் தடுத்த விபத்து எந்தப் பேப்பரிலும் வராது. அது நடந்திருக்குமா என்று உங்களுக்கே தெரியாது. நீங்கள் கெடுத்த பந்தயம் மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

கம்பெனி வட்டாரத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது: “அவுருகிட்டக் காரைக் குடுத்தா ஸ்டிக்கர் ஒட்ட மாட்டாரு, பஞ்சாயத்துப் பண்ணுவாரு.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கே சிரிப்பு வந்தது. ரேஸ் கார்கள் வருவது நின்றது. பிறகு கடைசிவரை பள்ளிக்கூட வேன்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதிலும் உரிக்கும்போது தகரத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் விடவில்லை.

செல்வினின் அம்மாவை ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போவார்கள் என்று நினைத்தேன். நேரே வந்தார்கள்.

“நான் நாள் முழுக்க ஓட்டை மேல அம்பு ஒட்டுதவ அண்ணாச்சி. நீங்க செஞ்சது என்னன்னு எனக்குத் தெரியாதா? நல்லதுதான் நடந்துருக்குன்னு வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுலருந்து என் கையால சோறு வாங்கித் திங்க மாட்டேங்கான்.”

அவனுக்கு ஆத்திரம் ஆறும் என்றேன். “ஆறட்டும்” என்றார்கள். “ஆறுததுக்கு அவன் இருக்கான்லா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நன்றி அதுதான். அதையும் அந்த அம்மா சிரிக்காமல்தான் கொடுத்தார்கள்.

உங்களுக்கு நான் என்ன சொல்ல? உரிக்கும்போது பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் முகத்துக்கு நேராக. அதற்குமேல் என்ன நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. நல்ல பெயர் வாங்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். அதே கார் நாளைக்கே என் முன்னால் வந்து நின்றாலும் அந்த ஒரு சாணை நான் ஒட்ட மாட்டேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. அந்தப் பையன் என்ன ஆகியிருப்பான் என்று நினைக்காத நாள் குறைவு, இரண்டு விதமாகவும்.

காதர்பேட்டைக்கு வருகிறேன். நீங்கள் ஒட்டியிருந்தால் நின்றிருக்கும் என்று செல்வின் சொன்னான். பொய் சொல்லி அவனைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். அந்தத் துருவில் யார் ஒட்டினாலும் நிற்காது என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அந்த ஆறுதலுக்குத்தான் இத்தனை வருஷம் கழித்து என்னிடம் அதைக் கேட்டானோ என்னவோ. ஆனால் துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் போட்டு, சூடு காட்டி நான் ஒட்டியிருந்தால் அது நின்றிருக்கும். பந்தயம் முடிகிற வரைக்கும் என்ன, வருஷக்கணக்கில் நின்றிருக்கும்.

“ஆமா கண்ணு, நின்னிருக்கும்” என்றேன்.

தலையை ஆட்டினான். கடைசி மூட்டையும் இறங்கியிருந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். புது வண்டி, பெல்ட் போடவில்லை என்று கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. என்னைப் பார்த்துக்கொண்டே பெல்ட்டை இழுத்து, தன் முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டினான். சத்தம் நின்றது. கியரைப் போட்டு, கூட்டத்துக்கு நடுவே, யாரையும் உரசாமல், வேகமாகப் போனான்.